கத்தியிலிருந்து களிம்புக்கு

பெண்ணின் புறப் பிறப்புறுப்பை மருத்துவம் வல்வா என்று அழைக்கிறது. அதன் வெளி ஓரத்தில் இருப்பது முடி முளைக்கும் சாதாரணத் தோல். சில சென்டிமீட்டர் உள்ளே போனால் ஈரமான சளிச்சவ்வு. உடலில் வேறு இடங்களில் வரும் தோல் நோய்களில் பல இங்கும் வருகின்றன. ஈரமும் உராய்வும் அவற்றின் தோற்றத்தை மாற்றிவிடுகின்றன. முழங்கையில் வெள்ளிச் செதிலாக உதிரும் சோரியாசிஸ் இங்கே செதிலில்லாமல் வெறும் சிவப்பாக நிற்கும். அரிப்புக்குக் காரணம் பூஞ்சையா, சோப்பின் ஒவ்வாமையா, தோலின் சொந்த நோயா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது பழகிய கண்ணுக்கே கடினம். இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. இந்த இடத்துத் தொல்லையைப் பெண்கள் சொன்னதே அரிது; சொன்னாலும் மகளிர் நோய் மருத்துவரிடம்தான் சொன்னார்கள். அவருக்குக் கர்ப்பப்பை தெரியும், தோல் தெரியாது. தோல் தெரிந்தவரின் அறைக்கு இந்தப் பெண்கள் போகவில்லை. வல்வாத் தோல் நோய்களின் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இந்த இடைவெளிக்குள்தான் நடந்தது. அதைத் தெளிவாகக் காட்டுவது லைக்கென் ஸ்கிளீரோசஸ் என்று இன்று பெயர் பெற்றிருக்கும் நோய்.

தோல் வெளுத்து, மெலிந்து, சிகரெட் தாளைப் போல் சுருங்குவது அதன் முதல் அடையாளம். யோனிவாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் எட்டு என்ற எண்ணின் வடிவில் வெளுப்பு பரவும். இரவில் தூங்கவிடாத அரிப்பு இருக்கும். சொறிந்த இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் கன்றும். ஆண்டுகள் போகப்போக உள்ளுதடுகள் கரைந்து வெளியுதடுகளோடு ஒட்டிக்கொள்ளும், கிளிட்டோரிஸ் தோலுக்குள் புதையும், யோனிவாய் குறுகும். மாதவிடாய் நின்ற பெண்களிடமும், பூப்பெய்தாத சிறுமிகளிடமும் இது அதிகம். தொற்று நோயல்ல.

1875இல் நியூயார்க் அறுவை மருத்துவர் ராபர்ட் வியர், நாக்கிலும் வல்வாவிலும் தோல் தடித்து வெளுத்த ஒரு நிலையைப் பற்றி எழுதினார். இந்த நோயின் முதல் பதிவு அதுவாக இருக்கக்கூடும் என்று பலர் கருதுகிறார்கள். பத்தாண்டு கழித்து, 1885இல், பிராக் நகரின் மகளிர் நோய்ப் பேராசிரியர் ஆகஸ்ட் பிரெய்ஸ்கி, வல்வா வறண்டு சுருங்கிப்போன பன்னிரண்டு பெண்களை விவரித்துக் கிராரோசிஸ் என்று பெயரிட்டார். அதற்கு இரண்டாண்டு கழித்துப் பாரிஸில் தோல் மருத்துவர் ஆன்ரி அலோப்போ இதே நோயைக் கண்டு, 1869இல் லண்டனின் எராஸ்மஸ் வில்சன் விவரித்திருந்த லைக்கென் பிளானஸ் என்ற தோல் நோயின் ஒரு வகை என்று எண்ணினார். 1892இல் ஃபெர்டினாண்ட் தாரியே நுண்ணோக்கியில் பார்த்து அதன் திசு அமைப்பை எழுதினார்: மெலிந்த மேல்தோல், அதற்குக் கீழே கண்ணாடி போல் ஒரே சீராகிவிட்ட கொலாஜன் பட்டை, அதற்கும் கீழே வெள்ளணுக்களின் திரள். இன்றைய நோய்க்குறியியலரும் கண்ணாடித் தகட்டில் தேடுவது இதே மூன்றடுக்கைத்தான்.

மகளிர் நோய் மருத்துவர்கள் கிராரோசிஸ் என்றார்கள், தோல் மருத்துவர்கள் லைக்கென் என்றார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததாகத் தெரியவில்லை. ஒரே நோய் இரண்டு நூலகங்களில், இரண்டு பெயர்களில், இரண்டு வரலாறுகளோடு வளர்ந்தது. இதில் மூன்றாவதாக ஒரு பெயர் வந்து சேர்ந்தது. கெடுதல் செய்தது அதுதான்.

புடாபெஸ்டின் எர்னஸ்ட் ஷ்விம்மர் 1877இல் வாய்க்குள் தோன்றும் வெள்ளைத் திட்டுகளுக்கு லூக்கோபிளேக்கியா என்று பெயர் வைத்தார். புகைப்பவர்களின் நாக்கில் வரும் இந்தத் திட்டு சில வேளை புற்றாக மாறும் என்பது அக்காலத்திலேயே தெரிந்திருந்தது. பெயர் நாக்கிலிருந்து வல்வாவுக்குத் தாவியபோது புற்றுநோய்ப் பயமும் கூடவே வந்தது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் காமின்ஸ் பார்க்லியும் விக்டர் பானியும் 1909இல் எழுதிய கட்டுரை, வல்வாவின் லூக்கோபிளேக்கியாவைப் புற்றோடு இறுகப் பிணைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஃபிரெட் டௌசிக் 1920களில் அதே முடிவை இன்னும் உரத்துச் சொன்னார். வெள்ளையாக இருந்தால் வெட்டிவிட வேண்டும் என்பது பாடமாயிற்று.

வெட்டுதல் என்றால் திட்டை மட்டும் எடுப்பதல்ல. வல்வெக்டமி, அதாவது புறப் பிறப்புறுப்பு முழுவதையும் அகற்றுவது. புற்றுநோய் வந்துவிட்ட பெண்களுக்குத் தொடைமடி நிணநீர்க் கணுக்களோடு சேர்த்து அகற்றும் விரிந்த அறுவையைப் பிரான்சில் அந்துவான் பாசே 1912இல் வகுத்தார்; டௌசிக்கும், பிறகு வட இங்கிலாந்தின் ஸ்டான்லி வேயும் அதை வளர்த்தார்கள். அந்த அறுவை பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் புற்று வராத, வெறும் வெளுப்பும் அரிப்பும் மட்டுமே இருந்த பெண்களும் பல பத்தாண்டுகளாகத் தங்கள் உறுப்பை இழந்தார்கள். வருமுன் காப்பது என்று அதற்குப் பெயர்.

இதன் அடியில் இருந்தது ஒரு கணக்குப் பிழை. புற்றுக்காக வெட்டியெடுத்த திசுவைப் பார்த்தவர்கள், கட்டியின் ஓரத்தில் வெள்ளைத் தோலை அடிக்கடி கண்டார்கள். அது உண்மைதான். ஆனால் புற்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு வெள்ளைத் தோல் இருந்தது என்பது ஒரு கேள்வி. வெள்ளைத் தோல் உள்ளவர்களில் எத்தனை பேருக்குப் புற்று வரும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பெரிய எண்ணை இரண்டாவது கேள்விக்கு விடையாக வைத்துக்கொண்டார்கள். வெள்ளைத் தோலோடு புற்றின்றி வாழ்ந்து மடிந்த பெண்கள் அறுவை மருத்துவரின் மேசைக்கு வரவில்லை, ஆகவே எண்ணப்படவில்லை. போதாக்குறைக்கு, வெண்மை என்பதே ஒரு நோயல்ல. தடித்த மேல்தோல் ஈரத்தில் ஊறினாலும் வெண்மை. நிறமி போனாலும் வெண்மை. ரத்தக் குழாய் குறைந்தாலும் வெண்மை. வெண்புள்ளி நோயில் தோலின் மென்மையும் சுருக்கமும் மாறாமல் நிறம் மட்டும் போகும். அதற்கு அறுவை எதுவும் தேவையில்லை. இவை அத்தனையும் லூக்கோபிளேக்கியா என்ற ஒரே சொல்லுக்குள் போய் விழுந்தன.

கத்தியைத் தவிர வேறு வைத்தியங்களும் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்புக்கு எக்ஸ் கதிர் காட்டினார்கள். ஏற்கெனவே மெலிந்த தோல் அதில் இன்னும் கெட்டது. ஈஸ்ட்ரோஜன் மருந்தாகக் கிடைத்த பிறகு, மாதவிடாய் நின்ற பெண்களிடம் காணும் சுருக்கம் ஹார்மோன் குறைவால்தான் இருக்கும் என்று நம்பி அதைத் தாராளமாகக் கொடுத்தார்கள். யோனியின் உள்ளே வறட்சிக்கு அது உதவியது. வெளியே இருந்த நோயைத் தொடவில்லை. எதற்கும் அடங்காத அரிப்புக்கு நரம்புகளை அறுத்துவிட்டார்கள், அல்லது தோலுக்கடியில் ஆல்கஹால் ஊசி போட்டு அவற்றை மரக்கச் செய்தார்கள்.

வெட்டினால் நோய் போயிற்றா என்றால் அதுவும் இல்லை. வல்வெக்டமிக்குப் பிறகு தழும்பின் ஓரத்திலேயே அதே வெளுப்பு திரும்பி வந்தது. தொடையிலிருந்து நல்ல தோலை எடுத்து ஒட்டினால் அந்தத் தோலும் நோய்ப்பட்டது. பிரிட்டனில் ஐயன் விம்ஸ்டர் இதையே சோதனையாகச் செய்து பார்த்தார். தொடைத் தோலை வல்வாவுக்கும், நோயுற்ற வல்வாத் தோலைத் தொடைக்கும் மாற்றினார். வல்வாவுக்குப் போன நல்ல தோலில் நோய் வந்தது. தொடைக்குப் போன நோய்த் தோல் நலமாயிற்று. வெட்டி எறியப்பட்ட தோல் குற்றவாளியல்ல, அது இருந்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

மகளிர் நோய் மருத்துவத்துக்குள்ளிருந்தே எழுந்த எதிர்ப்புக் குரல் லிவர்பூல் பேராசிரியர் நார்மன் ஜெஃப்கோட்டுடையது. 1961இல் வுட்காக்குடன் சேர்ந்தும், 1966இல் தனியாகவும் அவர் எழுதிய கட்டுரைகள் அந்தக் கணக்கைத் திருத்தின. அவர் தொடர்ந்து கவனித்த பெண்களில் புற்று வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கண்ணால் பார்த்து வெள்ளை என்று சொல்லாதீர்கள், திசுவை எடுத்துப் பாருங்கள், அணுக்களில் புற்றின் சாயல் இல்லையென்றால் வெட்டாதீர்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். லூக்கோபிளேக்கியா, கிராரோசிஸ் என்ற பெயர்களுக்குப் பதிலாக டிஸ்ட்ரோஃபி என்ற பொதுச் சொல்லை அவர் முன்வைத்தார். அதுவும் நிலைக்கவில்லை. ஆனால் அது தேவையற்ற பல அறுவைகளை நிறுத்திவிட்டே மறைந்தது. மருத்துவச் சொல் ஒன்றுக்கு இது சிறிய சாதனை அல்ல.

திசுவை எடுக்கும் கருவி புதியதல்ல. பயாப்சி என்ற சொல்லைப் பாரிஸின் எர்னஸ்ட் பெஸ்னியே 1879இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தோலில் வட்டமாகத் துளையிட்டு எடுக்கும் பஞ்ச்சை நியூயார்க்கின் எட்வர்ட் கீஸ் 1887இல் அறிமுகப்படுத்தினார். மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தத் துளைப்பான் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மரப்பூசி போட்டுச் சில நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைச் செய்யாமலே உறுப்பு முழுவதையும் எடுத்த காலம் நீண்டது என்பதுதான் வியப்பு. எங்கே துளையிடுவது என்று தெரிந்துகொள்ள, 1960களில் டொலுயிடின் நீலச் சாயத்தைப் பூசிக் கழுவிப் பார்த்தார்கள். நீலம் தங்கிய இடத்தில் ஐயம். சொறிந்த புண்ணிலும் நீலம் தங்கியதால் அந்த முறை நாளடைவில் நம்பிக்கை இழந்தது.

இரண்டு துறைகளையும் ஓர் அறைக்குள் கொண்டுவரும் முயற்சியாக 1970இல் வல்வா நோய்களுக்கான பன்னாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. மகளிர் நோய் மருத்துவர், தோல் மருத்துவர், நோய்க்குறியியலர் மூவரும் அதில் இருந்தார்கள். 1976இல் சங்கம் வெளியிட்ட பெயர்ப் பட்டியல் லூக்கோபிளேக்கியாவையும் கிராரோசிஸையும் கைவிட்டது. லைக்கென் ஸ்கிளீரோசஸ் என்ற பெயரோடு ஒட்டியிருந்த, மெலிவைக் குறிக்கும் பின்னொட்டும் போயிற்று; சிலரிடம் தோல் மெலியாமல் தடிக்கவும் செய்கிறது என்பதே காரணம். 1987இல் டிஸ்ட்ரோஃபியையும் விட்டார்கள். 2006இல் திசு அமைப்பை வைத்து ஒரு வகைப்பாடு, 2011இல் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை வைத்து இன்னொன்று. ஓயாமல் பெயர் மாற்றுகிறார்கள் என்ற அலுப்பு மருத்துவர்களிடமே உண்டு. ஒரு தவறான பெயர் எத்தனை உறுப்புகளை வாங்கியது என்று அறிந்த துறைக்கு இந்த எச்சரிக்கை மிகையல்ல. பிரிட்டனில் எலிசபெத் ஹன்ட் 1940இலும், மார்ஜரி ரிட்லி 1975இலும் வல்வா நோய்களுக்கென்றே தனி நூல்கள் எழுதினார்கள். இருவரும் பெண் தோல் மருத்துவர்கள் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

நோய் எதனால் என்ற கேள்விக்கு ஓரளவு விடை 1980களில் கிடைத்தது. ரிட்லியும் அவருடைய சக மருத்துவர்களும் 350 பெண்களை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட முடிவின்படி, ஐந்தில் ஒருவருக்கு மேல் தைராய்டு நோய், வெண்புள்ளி போன்ற தன்னெதிர்ப்பு நோய் ஒன்று கூடவே இருந்தது. 2003இல் லண்டன் ஆய்வாளர்கள், தோலின் ஈசிஎம்-1 என்ற புரதத்துக்கு எதிரான பொருள்கள் இந்த நோயாளிகளில் பெரும்பாலோரின் ரத்தத்தில் இருப்பதைக் காட்டினார்கள். உடலின் காவல் அணுக்கள் சொந்தத் தோலையே தாக்குவதால் வரும் நோய் என்ற கருத்து இதனால் வலுப்பட்டது.

அப்படியானால் அந்தத் தாக்குதலை அடக்கும் மருந்துதான் வேண்டும். அந்த மருந்து கடையில் நெடுநாளாக இருந்தது. 1952இல் அமெரிக்காவின் மரியன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் ஹைட்ரோகார்டிசோனைத் தோல்மேல் பூசிக் குணம் கண்டார்கள். அதைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள குளோபெட்டசால் 1973இல் பிரிட்டனில் டெர்மோவேட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் வல்வாவுக்கு அதை யாரும் எளிதில் எழுதித் தரவில்லை. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், இந்த நோயில் தோல் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது, ஆகவே கூடாது. காகிதத்தில் பார்த்தால் மறுக்க முடியாத வாதம்.

அந்த இடத்தை அதுவரை பிடித்திருந்தது டெஸ்டோஸ்டிரோன். ஆண் ஹார்மோனை 2 சதவீத அளவில் வாசலினில் குழைத்துப் பூசினார்கள். மெலிந்த தோலை அது தடிக்க வைக்கும் என்பது எண்ணம். கிளிட்டோரிஸ் பெரிதானது, முகத்தில் முடி முளைத்தது, சிலருக்குக் குரல் கட்டையாயிற்று. அமெரிக்காவில் 1980களிலும் அதுவே முதல் மருந்து.

1991இல் ஆக்ஸ்ஃபோர்டின் டால்ஸியல், மில்லார்ட், வொய்னரொவ்ஸ்கா மூவரும் ஒரு சிறு குழுப் பெண்களுக்குக் குளோபெட்டசாலைப் பன்னிரண்டு வாரம் கொடுத்து முடிவை வெளியிட்டார்கள். அரிப்பு நின்றது, திசுவும் தேறியது, அஞ்சியபடி தோல் மெலியவில்லை. 1993இல் இத்தாலியில் 79 பெண்களிடம் டெஸ்டோஸ்டிரோன், புரொஜெஸ்டிரோன், மருந்தில்லாக் களிம்பு, குளோபெட்டசால் நான்கையும் ஒப்பிட்டபோது குளோபெட்டசால் மற்ற மூன்றையும் தெளிவாக முந்தியது. மறு ஆண்டே இன்னொரு இத்தாலியச் சோதனை, டெஸ்டோஸ்டிரோன் வெறும் வாசலினைவிட மேலானதல்ல என்று காட்டியது. நெடுநாள் பழக்கம் சில ஆண்டுகளுக்குள் சரிந்தது. தோல் மெலிவதற்குக் காரணமே அடங்காத அழற்சிதான், அழற்சியை அடக்கினால் தோல் தேறும் என்பதைப் பழைய வாதம் பார்க்கத் தவறியிருந்தது.

மற்ற நோய்களின் கதை இத்தனை நீளமல்ல. லைக்கென் பிளானஸின் புண் வகை யோனியையும் ஈறையும் ஒருசேரத் தாக்கும் என்பதைப் பாரிஸின் மோனிக் பெலிஸ் 1982இல் வரையறுத்தார். அதுமுதல் வல்வாவில் புண்ணோடு வருபவரின் வாயையும் திறந்து பார்ப்பது வழக்கம். மார்பில் ஜேம்ஸ் பாஜட் 1874இல் கண்ட தோல் புற்று வல்வாவிலும் வரும் என்பதை 1901இல் துய்ப்ரேய் எழுதினார். எக்சிமா என்று மாதக்கணக்கில் களிம்பு தடவப்படும் சிவப்புத் திட்டு இதுவாக இருந்துவிடுவது உண்டு. புற்றுக்கு முந்தைய நிலை இரு வகை என்பது 2004இல் முறைப்படி ஏற்கப்பட்டது: பாப்பிலோமா வைரஸால் இளவயதில் வருவது ஒன்று, லைக்கென் ஸ்கிளீரோசஸின் மேல் முதுமையில் வருவது மற்றொன்று. முதல் வகைக்கு இமிக்விமோட் என்ற பூச்சு பயன்படும் என்று 2008இல் நெதர்லாந்தில் நிறுவினார்கள். 2006 முதல் கிடைக்கும் தடுப்பூசி அதை வரவிடாமலே தடுக்கும். இரண்டாவது வகை வேகமாகப் புற்றாவது. அதற்கு அறுவையே இன்றும் வழி.

சிறுமிகளிடம் இந்த நோய் வேறொரு அநீதிக்குக் காரணமாயிற்று. ரத்தம் கன்றிய பிறப்புறுப்பைப் பார்த்த மருத்துவரும் ஆசிரியரும் பாலியல் வன்முறை என்று முடிவு செய்தார்கள். 1987இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தகைய தவறான கணிப்புகளைப் பற்றிய எச்சரிக்கை வெளிவந்தது. ஆனால் நோய் இருப்பது வன்முறை நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகிவிடாது; இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

களிம்பு புற்றையும் தடுக்குமா என்பதற்கு 2015இல் சிட்னியிலிருந்து பதில் வந்தது. லீ, பிராட்ஃபோர்ட், ஃபிஷர் மூவரும் 507 பெண்களைச் சராசரியாக ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்து கவனித்தார்கள். சொன்னபடி மருந்தைத் தொடர்ந்த 357 பேரில் ஒருவருக்கும் புற்றோ அதன் முன்னிலையோ வரவில்லை. விட்டுவிட்டுப் பூசிய 150 பேரில் ஏழு பேருக்கு வந்தது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்தும் பழக்கத்தை மருத்துவர்கள் கைவிட இதுவும் ஒரு காரணமானது.

இந்தியாவில் இதே களிம்புக்கு எதிர்த்திசையில் ஒரு வரலாறு உண்டு. பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த குளோபெட்டசால் குழாய்கள் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைத்தன. தொடையிடுக்குப் படர்தாமரைக்குத் தாமே வாங்கிப் பூசியவர்களுக்கு அரிப்பு அடங்கிப் பூஞ்சை செழித்தது. உருமாறிய அந்தப் படையை 1968இலேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஐவும் மார்க்ஸும் விவரித்திருந்தார்கள். 2018இல் இந்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டிய பட்டியலுக்குள் கொண்டுவந்தது. நோய் எது என்று உறுதி செய்யாமல் பூசினால் கெடுதல், உறுதி செய்தபின் பூசாவிட்டாலும் கெடுதல் என்ற நிலையில் இருக்கும் மருந்து இது.

பிரிட்டிஷ் வழிகாட்டுதல் வகுத்த முறையே இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. முதல் மாதம் நாள்தோறும் ஒருமுறை, இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. 30 கிராம் குழாய் ஒன்று மூன்று மாதத்துக்குப் போதும். சோப்பை விட்டுவிட்டு மென்மையான பூச்சால் கழுவச் சொல்கிறார்கள். பிறகு நோயின் போக்கைப் பார்த்துக் குறைந்த அளவில் களிம்பு தொடரும். ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. ஆறாத புண், தடிப்பு, மருந்துக்கு அடங்காத திட்டு தோன்றினால் துளைப்பானால் திசு எடுக்கப்படும். கத்திக்கு இரண்டே வேலைகள் மிச்சம்: புற்றோ அதன் முன்னிலையோ உறுதியானால் அந்த இடத்தை மட்டும் அகற்றுவது, ஒட்டிப்போன உதடுகளையும் குறுகிய வாயையும், நோய் அடங்கிய பிறகு, பிரித்துத் திறப்பது. திறந்த இடம் மறுபடி ஒட்டாமலிருக்க அறுவைக்குப் பின்னும் களிம்பு தொடர்கிறது.